விளம்பரப் பக்கத்தில் வந்த வரலாறு

நேற்று சின்னக்கடைத் தெருவில் ஒரு சுருள் தேங்காய் நார்க் கயிறு வாங்கினேன். கடைக்காரர் அதை உதறிப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. ஊறின மட்டையின் வாசனை. கொஞ்சம் சேறு, கொஞ்சம் உப்பு. சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு தேரடி வரைக்கும் சைக்கிளைத் தள்ளிவந்தவன், நடு வழியில் அப்படியே நின்றுவிட்டேன். "யோவ், ஓரமா நின்னு கனா காணேன்யா" என்று ஓர் ஆட்டோக்காரர் கத்தினார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அவருக்குச் சுடச்சுட ஒரு பதில் கிடைத்திருக்கும். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

கயிறு பள்ளிக்கூடத்துக்கு. குடியரசுக்கு ஐம்பது வயது ஆகிறது, எங்கள் பள்ளியில் பெரிய விழா, விழா மலர், மேடை, பந்தல் எல்லாம் உண்டு. "விருந்தாளிங்க உட்கார்ற எடத்துக்கும் ஜனங்க நிக்கிற எடத்துக்கும் நடுவுல நல்ல கயிறா பாத்துக் கட்டிடுங்க சார். உங்க பொறுப்பு" என்றார் தாளாளர். அவரை உனக்கு நன்றாகத் தெரியும். சுதந்திரப் பொன்விழா மலர்க்குழுவுக்குச் செயலாளராக இருந்தாரே, அவரேதான். இப்போது நான் அவரிடம் தற்காலிக வரலாற்று ஆசிரியர். வேலை கொடுத்தபோது என் மதிப்பெண் பட்டியலை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தியாகி பேரனாச்சே" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

நீயும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாய். "டேய் தியாகி, டீ சொல்லுடா." என் தாத்தாவின் அண்ணன் வெள்ளைக்காரன் காலத்தில் சிறைக்குப் போனவர். அரசாங்கம் அவருக்குக் கொடுத்த தாமிரப் பட்டயமும் கண்ணாடி போட்ட படமும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றன. நீ எங்கள் ஊர்க் காலனிக்காரன். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே பள்ளிக்கும் பிறகு ஒரே கல்லூரிக்கும் போனோம். ஆனால் பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் நான் நேராகப் போவேன், நீ ஏரிக்கரைப் பக்கம் திரும்புவாய். அந்தப் படத்தை நீ எங்கள் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்ததுதான். உள்ளே வந்து பார்த்ததில்லை.

நாம் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது வடாற்காட்டைப் பிரித்து நம்முடையதைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். பெயர்ப்பலகைகளில் பெயிண்ட் காய்வதற்குள் பள்ளியில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள்: 'நம் மாவட்டத்தின் வரலாறு.' நேற்றுப் பிறந்த மாவட்டத்துக்கு ஆயிரம் வருஷப் பெருமை எழுதச் சொன்னார் வாத்தியார். மன்னர்கள் வந்தார்கள், கோயில் வந்தது, நவாபு வந்தார், வெள்ளைக்காரன் வந்தான், தியாகிகள் வந்தார்கள். நீ கை தூக்கினாய். "சார், எங்க தெரு இந்த மாவட்டத்துலதான் வருதா சார்?" வகுப்பே சிரித்தது. வாத்தியார் உன்னை பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். பெஞ்சு மேல் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அன்றைக்குத்தான் நாம் சிநேகிதம் ஆனோம் என்று நினைக்கிறேன்.

எம்.ஏ.வில் ஒரு தாள் இருந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் தங்கள் வரலாற்றை எப்படி எழுதிக்கொண்டன என்பது பற்றியது. மற்றவர்கள் அதைக் கடம் போட்டார்கள். செங்கம் ரோட்டில் நாம் வாடகைக்கு எடுத்த அறையில் நீ அதற்காகச் சுவரில் கரிக்கட்டியால் மூன்று கட்டம் போட்டாய். முதல் கட்டத்தில் 'பொற்காலம்', இரண்டாவதில் 'இருட்டு', மூன்றாவதில் 'விடியல்'. "எந்த நாட்ட வேணா இதுல போடு, ஒக்காரும். மொதல்ல எல்லாரும் நல்லாருந்தாங்க. அப்புறம் வெளியாளு வந்து கெடுத்தான். அப்புறம் தலைவரு வந்து காப்பாத்துனாரு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. பொற்காலத்துல எங்க ஆளு இன்னா பண்ணிட்டிருந்தான்னு மட்டும் எவனும் எழுத மாட்டான்." வீட்டுக்காரம்மா சுவரைப் பார்த்துவிட்டு அறையைக் காலி பண்ணச் சொன்னார். நீ சுண்ணாம்பு வாங்கிவந்து அடித்துக் கொடுத்தாய். மழைக்காலத்தில் சுண்ணாம்பு நனைந்து மூன்று கட்டமும் மறுபடி தெரிந்தன.

அப்போது நமக்குள் நடந்த சண்டைகளை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. நான் எல்லாவற்றையும் கொளுத்திவிடலாம் என்ற கட்சி. சுதந்திரமே ஏமாற்று, தியாகிகள் எல்லாரும் வேஷக்காரர்கள், பாடப்புத்தகம் மொத்தமும் பொய் என்பேன். உன்னைவிட நான்தான் கோபக்காரன் என்று காட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒங்க தாத்தா ஜெயிலுக்குப் போனாரா இல்லயா?" என்பாய்.

"போனாரு."

"அடி வாங்குனாரா?"

"வாங்குனாரு. அதுக்கு இன்னான்ற?"

"அப்ப அத எழுது. நீ ஒங்க வூட்டு மேல இருக்குற கடுப்புல எழுதுற. அதுக்குப் பேரு வரலாறு இல்ல தியாகி, குடும்பச் சண்ட."

சுதந்திரப் பொன்விழா வந்தது. டவுனில் மலர்க்குழு அமைத்தார்கள். படித்த பையன்கள் என்று நம் இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். உண்மையில் சேர்த்துக்கொண்டது விளம்பரம் பிடிக்க. ரசீதுப் புத்தகத்தைக் கையில் கொடுத்துக் கடைகடையாக அனுப்பினார்கள். போனால் போகிறதென்று ஒரு கட்டுரையும் எழுதச் சொன்னார்கள். என் பெரிய தாத்தாவைப் பற்றி.

அதற்காகத்தான் உன் மாமாவைப் பார்க்கப் போனோம். அவர் காலனியில் உங்கள் வீட்டு வாசலில் கட்டிலுக்குப் புதுக் கயிறு பின்னிக்கொண்டிருந்தார். வாசல் முழுக்க இதே வாசனை. நான் அவரை "மாமா" என்று கூப்பிட்டதும் பதறிப்போனார். "வேணாம் நைனா, பேர் சொல்லியே கூப்புடுங்க" என்றார். அவரைவிட நாற்பத்தைந்து வயது சின்னவன் நான். ஊர்த்தெருக்காரன் என்பதால் நைனா. நீ தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அவர் சொன்னதை நான் ஒரு சொல்கூட மறக்கவில்லை. "மொத கொடி ஏத்துன அன்னிக்கி கம்பம் நட்டது நாங்கதான். காட்டுக்குப் போயி மூங்கில் வெட்டினு வந்து, குழி தோண்டி, நட்டு, மண்ண மிதிச்சிக் கெட்டிப் பண்ணோம். ஒங்க தாத்தா ஜெயில்லேர்ந்து வந்தவரு, அவரே எங்க தெருவுக்கு வந்து, எல்லாரும் வாங்கன்னு கூப்ட்டாரு. அதுக்கு முன்ன ஊர்க்காரங்க யாரும் எங்க தெருவுக்குள்ள கால் வெச்சதில்ல. நாங்க குளிச்சி, வெளுத்த துணி கட்டினு போனோம். ஊர்ல ஒத்துக்கல. அவங்க வந்தா நாங்க வர மாட்டோம்னுட்டாங்க. ஒங்க தாத்தா ரொம்ப நேரம் பேசிப் பாத்தாரு. அப்புறம் ஒரு கயிறு வாங்கினு வரச் சொல்லி, கம்பத்துக்கு அந்தாண்ட குறுக்க கட்னாரு. எங்கள கயித்துக்கு அந்தாண்ட நிக்கச் சொன்னாரு. கொடி ஏத்திட்டு அவரேதான் மிட்டாய் எடுத்துனு வந்தாரு. துண்ட ஏந்தச் சொல்லி மேலேர்ந்து போட்டாரு. அவரு கண்ணுல தண்ணி. இன்னிக்கி இவ்ளோதான்டா முடிஞ்சுது, அடுத்த வருஷம் கயித்த எடுத்துடறேன்னாரு."

"எடுத்தாரா?" என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம் புதுக் கயிறு வாங்குனாங்க" என்றார் உன் மாமா.

திரும்பி வரும்போது நான் கொதித்தேன். தாத்தாவைக் கிழித்துப்போடுகிறேன் பார் என்றேன். நீ ஏரிக்கரையில் நின்றுவிட்டாய். "ஜெயிலும் நெஜம். எங்க தெருவுக்கு வந்ததும் நெஜம். கயிறும் நெஜம். மூணையும் ஒரே பக்கத்துல எழுதணும்டா. ஒண்ண எடுத்தாலும் மத்தது பொய்யாயிடும்" என்றாய். உன் அறிவுரைகளில் எனக்கு எரிச்சல் வராத ஒன்று அது.

எழுதினோம். ஒரே பக்கத்தில். செயலாளர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. இந்தக் கயிறு சமாச்சாரம் மட்டும் வேணாம். நம்ம நாடு இப்பதான் எழுந்து நடக்குது. சின்னக் கொழந்த மாதிரி. புண்ணக் கிளறக் கூடாது."

நீ உடனே கேட்டாய். "அம்பது வயசு ஆளு சின்னக் கொழந்தங்களா சார்?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அந்தப் பத்தி மேல் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார்.

அந்த வாரம்தான் நீ தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆப்பிரிக்க மாஸ்டரின் அறைக்குப் போனோம். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் மொட்டை மாடி அறை, எதிரே மலை. அவருடைய நாடு விடுதலையாகி ஏழெட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே பள்ளி ஆசிரியர். புதுப் பாடப்புத்தகம் எழுதும் குழுவில் இருந்து, சண்டை போட்டு விலகி, மனசு சரியில்லை என்று இங்கே வந்து உட்கார்ந்திருந்தார். நம் கயிற்றுக் கதையைக் கேட்டுவிட்டு இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். எங்கள் நாட்டில் இப்போது எல்லாரும் போராளி, காட்டிக்கொடுத்தவன் ஒருவன்கூட இல்லை, அப்படியானால் எங்களைக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டார். நாம் சிரித்தோம். நீதான் சட்டென்று, "உங்க ஊர்ல கயிறு எது?" என்றாய்.

அவர் மலையைப் பார்த்தார். விடுதலைப் படையின் முகாமிலேயே சந்தேகப்பட்டவர்களைக் குழி தோண்டி அடைத்து வைத்திருந்தார்களாம். அவர் அண்ணன் அதில் இருந்தாராம். திரும்பி வரவில்லை. அதைப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரி எழுதலாம் என்று குழுவில் சொன்னதற்கு, இப்போது சொன்னால் நாடு உடைந்துவிடும் என்றார்களாம். "எப்போது சொல்லலாம் என்று கேட்டேன். அதற்கு யாரிடமும் தேதி இல்லை" என்றார்.

மாடிப்படி இறங்கி ரோட்டுக்கு வந்து டீ வாங்கினோம். பாதி டீயில் சொன்னாய். "எல்லா ஊர்லயும் ஒரு கயிறு இருக்குடா. வெள்ளக்காரன் கட்டுனத எல்லாரும் எழுதுறான். நாமளே கட்டுனது எதுன்னு கேக்கணும். அதான் மொத கேள்வி." அப்புறம் கையிலிருந்த ரசீதுப் புத்தகத்தை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தாய். திடீரென்று ஆட்டுவதை நிறுத்தினாய்.

"தியாகி, இந்த விளம்பரப் பக்கத்தல்லாம் கமிட்டில எவனாவது படிக்கிறானா?"

யாரும் படிப்பதில்லை. மலர் என்றால் அப்படித்தான். முன்பக்கத்தில் பத்துக் கட்டுரை, பின்னால் அதைப்போல நாலு பங்கு நகைக்கடையும் ரைஸ் மில்லும் பைனான்ஸும் 'வாழ்த்துகளுடன்' நிற்கும். விளம்பரம் கொடுத்தவன் தன் பெயர் எவ்வளவு பெரிசாக வந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பான். கட்டுரைகளுக்கு மூன்று முறை பிழை திருத்திய செயலாளர் விளம்பரங்களைப் பற்றி, "அளவு சரியா இருக்கான்னு பாருங்க, போதும்" என்று சொல்லியிருந்தார்.

காலனி இளைஞர் மன்றத்தின் பெயரில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். நீ எழுதிய வாசகம் இது: 'எங்கள் ஊரில் முதல் கொடி ஏறிய கம்பத்தை நட்டவர்கள் நாங்கள். சிறை சென்று மீண்ட தியாகி எங்கள் தெருவுக்கு வந்து எங்களை அழைத்தார். கயிறு கட்டி எங்களைத் தள்ளி நிறுத்தியவரும் அவரே. இரண்டுக்கும் நாங்கள் சாட்சி. கொடிக்கு எங்கள் வணக்கம். கயிறு எப்போது அவிழும்? சுதந்திரப் பொன்விழா வாழ்த்துகளுடன், காலனி மக்கள்.' பெயரை ஏன் மேலே பெரிய எழுத்தில் போடவில்லை, எல்லாரும் அப்படித்தானே போடுகிறார்கள் என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றாய். உன் முகத்தில் அந்தப் பெஞ்சு மேல் நின்ற சிரிப்பு.

ஏன் என்று விழா அன்றுதான் தெரிந்தது. மலரை வெளியிட்டதும், விளம்பரம் கொடுத்தவர்களுக்கு மேடையில் பெயர் சொல்லி நன்றி கூறுவது வழக்கம். மைக்கில் இருந்தவர் ஆட்டோவில் சினிமா விளம்பரம் சொல்லிச் சொல்லிக் குரல் பழகியவர். மலரைப் புரட்டிக்கொண்டே ஒரே தாளத்தில் போனார். நகை மாளிகை, நன்றி. மாடர்ன் ரைஸ் மில், நன்றி. டிராக்டர் ஏஜென்சீஸ், நன்றி. நம் பக்கம் வந்தது. மேலே பெயர் இல்லை. பெயரைத் தேடி அவர் படித்துக்கொண்டே போனார். "எங்கள் ஊரில் முதல் கொடி ஏறிய கம்பத்தை நட்டவர்கள் நாங்கள்..." அதே திருவிழாக் குரல், அதே இழுவை. மேடையில் செயலாளர் தலை நிமிர்ந்தது. மைக்கில் இருந்தவர் நிறுத்தவில்லை. பெயர் வந்தால்தானே நிறுத்துவார். கயிறு எப்போது அவிழும் என்று ஒலிபெருக்கி நான்கு பக்கமும் கேட்டது. "...காலனி மக்கள், நன்றி!" என்று முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கடைசி வரிசைக்குப் பின்னால் வேனில் வந்திறங்கி நின்றிருந்த நம் காலனிக்காரர்கள் கைதட்டினார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் சிலரும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து தட்டினார்கள்.

மீதிப் பிரதிகளிலிருந்து அந்தப் பக்கத்தை பிளேடு போட்டு எடுக்கச் சொன்னார் செயலாளர். முடியவில்லை. அதன் பின்பக்கத்தில் நகைக்கடையின் முழுப் பக்க விளம்பரம். என் பக்கத்தில் எவன் கை வைக்கிறான் பார்க்கிறேன் என்று முதலாளி நேரிலேயே வந்து நின்றார். அச்சகத்தில் உட்கார்ந்து எந்தப் பக்கத்துக்குப் பின்னால் எது என்று நீதான் அடுக்கிக் கொடுத்தாய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் குதித்தேன். உன்னைத் தூக்கிச் சுற்றினேன். நீ அவ்வளவாகச் சிரிக்கவில்லை. வேன் ஏறும்போது உன் மாமா கேட்டிருந்தார்: "படிச்சிட்டாங்க. இனிமே இன்னா பண்ணுவாங்க?" அறைக்கு வந்து மலரைப் புரட்டினாய். முன்பக்கத்தில் என் தாத்தாவைப் பற்றி நாம் எழுதிய கட்டுரை, கயிறு இல்லாமல், நம் பெயரோடு வந்திருந்தது. பின்னால் விளம்பரங்களுக்கு நடுவில் உன் பக்கம். இரண்டையும் விரல் விட்டுப் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாய்.

"ஒங்களது வரலாறு. எங்களது விளம்பரம். அதுவும் காசு குடுத்து" என்றாய். நாம் பழகிய இத்தனை வருஷத்தில் நம் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி 'ஒங்களது, எங்களது' என்று நீ பிரித்துப் பேசியது அன்று ஒரு தடவைதான். "அடுத்த தடவ முன்பக்கத்துல வரணும்டா. ஒரே பக்கத்துல."

அடுத்த தடவைக்கு நீ இல்லை. மஞ்சள் காமாலை. நாட்டு மருந்து கொடுத்தார்கள், பிறகு வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இருபத்து நாலு வயது. உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது ஊர்த்தெரு வழியாகப் போனால் ரோடு போட்ட நேர்வழி. அங்கே விடமாட்டார்கள் என்று தெரிந்ததால் யாரும் கேட்கக்கூட இல்லை. ஏரிக்கரை வழியாக, வரப்பு வழியாக, நெல் வயலில் கால் புதையப் புதையத் தூக்கிப் போனார்கள். மழை பெய்திருந்தது. பாடை ஒரு முறை சாய்ந்தது. தோள் கொடுத்திருந்த எனக்கு அப்போது அழுகை வரவில்லை. அந்த வரப்பில் கயிறு எதுவும் கட்டியிருக்கவில்லை. ஆனால் எல்லாரும் அது இருக்கும் இடம் தெரிந்து விலகி நடந்தார்கள்.

இப்போது கதைக்கு வருகிறேன். தாளாளர் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, மலருக்குத் தியாகியைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். சிறை, தெருவுக்கு வந்தது, கயிறு. மூன்றும் ஒரே பக்கம். படித்துவிட்டு அவர் அதே மாதிரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மறுபடியுமா? அந்தப் பையனே போய்ட்டான். நீங்க எதுக்கு சார் இத விடாம புடிச்சினு இருக்கீங்க? வேணும்னா ஒண்ணு பண்ணலாம். அன்னிக்கி மாதிரி விளம்பரமா குடுத்துடுங்க. நானே எடம் ஒதுக்கறேன். காசுகூட வேணாம்."

தாராள மனசுதான். "விளம்பரம் வேணாங்க சார். இது கட்டுரை" என்றேன்.

"யாரோ காலனி ஆளு சொன்னத வெச்சி கட்டுரை போட முடியுமா? ஆதாரம் வேணாமா? மார்ச்சோட ஒங்க போஸ்டிங் முடியுது. அதையும் யோசிச்சுக்குங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அப்பா முன்னால் வைத்தேன். அன்றைக்கு மேடையில் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு என்னிடம் அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை. "நடு டவுன்ல எங்க பெரியப்பா மானத்த வாங்கிட்டியேடா" என்றுதான் கடைசியாகச் சொன்னார். உன் சாவுக்கு நான் தோள் கொடுத்துவிட்டு வந்தபோது வாசலிலேயே குளிக்கட்டும் என்று தண்ணீர் எடுத்து வைத்தவர். அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

தாளை வாங்கி விளக்கடியில் பிடித்துப் படித்தார். "ஜெயிலுக்குப் போனத மொதல்ல போட்டிருக்க" என்றார்.

"ஆமா. அதுவும் நெஜம்தான?"

தாளை மடித்துவிட்டு, கூடத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடையில வாங்குன கயிறு இல்லடா. அன்னிக்கி கட்டுனது கெணத்துத் தாம்புக் கயிறு. எங்க வூட்டுக் கெணத்துல இருந்து அவுத்தது. நான் கயித்துக்கு இந்தாண்ட நின்னேன். பாத்தேன்."

ஐம்பது வருஷமாக அந்த வீட்டுக் கூடத்தில் இருந்த வாய் இது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீயும் நானும் ஏரிக்கரையைத் தாண்டிப்போய் சாட்சி தேடினோம். என் வீட்டுக்குள் கேட்கலாம் என்று நம் இருவருக்கும் தோன்றவே இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது ஞாபகம் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

"இத நான் எழுதிக்கறேன்பா. ஒங்க பேரு போட்டு."

"பேரு வேணாம். ஊருல பேச மாட்டானுங்க."

"அவங்க கூட அம்பது வருஷமா யாரும் பேசலியே."

எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேரு போட்டுக்க. இனிஷியல் சரியா போடு. போன மலர்ல பெரியப்பா இனிஷியல தப்பா போட்டுட்டானுங்க." கொஞ்சம் சோறு பிசைந்துவிட்டு, "அந்தப் படத்த கேட்டு ஆளு அனுப்பியிருக்காரு ஒங்க தாளாளர். கட்டுரை போட்டாதான் படம்னு சொல்லிடு" என்றார்.

சொன்னேன். தியாகியின் படமும் பட்டயமும் இல்லாமல் மலர் இல்லை. அட்டையிலேயே அதைத்தான் போடப்போவதாக ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தாளாளர் ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். இன்று மத்தியானம் வகுப்புக்கு ஆள் அனுப்பினார். "படத்த எடுத்துனு வாங்க சார். கட்டுரைய அச்சுக்கு அனுப்பிட்டேன். ஒங்கப்பா பேரோடயே."

இதனால் வேலை போகும் என்றுதான் நினைக்கிறேன். மார்ச்சில் அவர் கையெழுத்துப் போடமாட்டார். போகட்டும். உன்னை அந்த வரப்பில் தூக்கிப் போனவர்கள் இன்றும் அந்த வரப்பில்தான் போகிறார்கள். ஒரு பக்கம் அச்சானதால் ஊர்த்தெரு திறந்துவிடாது. உன் மாமா கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது: இனிமேல் என்ன பண்ணுவார்கள்? ஆனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், எந்த நாட்டுக் கதையைப் பாடம் நடத்தினாலும், நீ கேட்டதைத்தான் பிள்ளைகளிடம் முதலில் கேட்கிறேன்: இதில் கயிறு எது, கட்டினது யார்? போன வாரம் ஒரு பெண் எழுந்து, "சார், நம்ம ஸ்கூல்ல எது சார்?" என்றாள். பெஞ்சு மேல் ஏற்றவில்லை. நல்ல கேள்வி, கண்டுபிடிச்சு எழுதிக்கிட்டு வா என்றேன்.

நாளைக் காலையில் படத்தைக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடி போட்ட பெரிய படம், சைக்கிள் கேரியரில் நிற்காது. நேற்று வாங்கின கயிற்றை எடுத்துத் தேவையான அளவுக்கு அறுத்து, பெரிய தாத்தாவைச் சாக்கில் சுற்றி இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். மிச்சத்தை மாட்டுக் கொட்டகைக்கு வேண்டும் என்று அப்பா எடுத்துக்கொண்டார். விழா அன்று காலையில் மைதானத்தில் தாளாளர் என்னைத் தேடி வருவார். "எங்க சார் கயிறு?" என்று கேட்பார்.

மலர்ல இருக்குதுங்க சார், முன்பக்கத்துல, என்பேன்.